தேரடி டிவியில் ஒரு கீங்

வேல்விழியின் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்துவிட்டது என்று ஒரகடமே நம்பியது. எந்த வார்த்தை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததுதான் வினை. தெரிந்திருந்தால் ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று அன்றைக்கே விட்டிருப்பார்கள்.

பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வருஷம் அது. செட்டாப் பாக்ஸ் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கூட்டு ரோட்டில் ஒரு செல்போன் கடை மாடியில் தேரடி டிவி என்று உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளி வந்ததும் அதற்குப் புது வேஷம் கட்டினார்கள். திரை மூலையில் சிவனே என்று நிற்கும் தேர்ச் சின்னத்தின் உச்சியில் ஒரு தரைச்சக்கரம் சுழல ஆரம்பித்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் புஸ்வாணம் சீறி, ‘தேரடி டிவியின் தீபாவளிப் புதுப்பொலிவு!’ என்று ஒரு குரல் முழங்கியது. அதோடு விட்டார்களா? புதுப்பொலிவு எப்படி இருக்கிறது, நேயர்கள் கருத்துச் சொல்லுங்கள் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பிவிட்டான் ஃபிரடி.

ஃபிரடிதான் அந்தச் சேனலுக்குக் கேமராவும், கத்தரியும், வாயும். பணம் போட்ட முதலாளி ஜெபதாஸ் கீழே கடையில் உட்கார்ந்து ரீசார்ஜ் கார்டு விற்பார். உள்ளூர்ப் பையன், டிவியில் வேறு வருகிறான் என்பதால் ஃபிரடிக்குக் கால் தரையில் பாவாது.

அவன் பெண்கள் ஹாஸ்டல் வாசலுக்கு வந்தபோது வேல்விழி ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மைக்கை நீட்டியதும் மனதில் பட்டதைப் பளிச்சென்று சொன்னாள்.

“அந்தச் சக்கரம் சுத்திக்கிட்டே கெடக்கு, சவத்த மூதி! பாட்டுல யாரு ஆடுதா, யாரு பாடுதான்னு ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. ஆனா பாக்கதுக்கு லெச்சணமாத்தான் இருக்கு.”

சவத்த மூதி என்பது அவள் ஊரில் வசவே இல்லை. பால் பொங்கி வழிந்தாலும் சொல்வார்கள், பஸ் போய்விட்டாலும் சொல்வார்கள், பெற்ற பிள்ளையை இழுத்து முத்தம் கொடுக்கும்போதும் சொல்வார்கள். அந்த வார்த்தை இல்லாமல் அவளுடைய அம்மா சந்திரம்மாளால் ஒரு நாளைக் கடத்த முடியாது.

மறுநாள் கரண்ட் வந்ததும் டிவி அறையில் பெண்கள் ஒரே கூச்சல். திரையில் வேல்விழி. ‘அந்தச் சக்கரம் சுத்திக்கிட்டே கெடக்கு, கீ...ங்! பாக்கதுக்கு லெச்சணமாத்தான் இருக்கு.’ நடுவிலே இருந்ததையெல்லாம் காணோம். கீங் ஒலித்தபோது அவள் வாயின்மேல் ஒரு குட்டித் தரைச்சக்கரம் வேறு சுழன்று உதட்டை மறைத்தது. பின்னால் கூட்டமாக ஆட்கள் சிரிக்கும் சத்தம். படுபாவி! வாயே தெரியாமல் பண்ணிவிட்டானே, உதட்டைப் பார்த்தாவது நாலு பேர் நல்லதை நினைக்க முடியாமல் போயிற்றே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருதரம் போட்டிருந்தால்கூடப் போகட்டும். ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒவ்வொரு விளம்பர இடைவெளியிலும் அதையே போட்டான். அதற்குப் பிறகு வேல்விழிக்கு ஊருக்குள் பேர் கிடையாது. டீக்கடையில் கீங். ஷேர் ஆட்டோவில் கீங். லைன் நின்றால் கம்பெனியில் ஒரு பஸ்ஸர் அடிக்கும். அது அடித்தால்கூட வரிசையில் இருப்பவர்கள் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். தீபாவளிக்குச் சங்கரன்கோவில் பக்கம் போன பையன் எவனோ அதைச் செல்போனில் பிடித்து, ப்ளூடூத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அங்கே தண்ணீர்க் குழாயடியில், “ஒம் மக டிவியில என்னமோ சொல்லிட்டாளாமே, என்னளா சொன்னா?” என்று சந்திரம்மாளைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவள் குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வேல்விழிக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை உச்சிமாகாளி அதே சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், இருங்காட்டுக்கோட்டையில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. அம்மா கோமதியம்மாளோடு குன்றத்தூரில் வாடகைக்குக் குடியிருந்தான். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். கார்த்திகையில் நிச்சயம் என்று முடிவாகி, அவன் தினமும் ஷிப்ட் முடிந்து போன் பண்ண, அவளுக்கும் அந்தப் போன் வராவிட்டால் சோறு இறங்காது என்கிற அளவுக்கு வந்திருந்தது.

கீங் வந்ததும் போன் நின்றது. அவளாகக் கூப்பிட்டபோது எடுத்தது கோமதியம்மாள்.

“என்னளா சொன்ன டிவியில?”

“அத்தே, சவத்த மூதின்னுதான் சொன்னேன். சத்தியமா.”

“எனக்கே காது குத்துதியா? நானும் அந்த ஊருக்காரிதான். சவத்த மூதிக்கு எவனாவது கீங் போடுவானா? அதுக்கும் மேல என்னமோ சொல்லியிருக்க. நாலு பேரு பாக்க டிவியிலயே அப்படிப் பேசுதவ, நாளைக்கு வீட்டுல என்ன பேசுவ?”

“ஒங்க மகன்கிட்ட குடுங்க.”

பின்னாலிருந்து உச்சிமாகாளியின் குரல் கேட்டது. “அம்மா சொன்னா சரிதான்.” அவ்வளவுதான் அந்த ஆண்பிள்ளை சொன்னது.

கோமதியம்மாள் முடித்தாள். “அந்தக் கீங்குக்கு உள்ள என்ன இருக்குன்னு காட்டு, பெறகு பேசுவோம்.”

வேல்விழி நேரே செல்போன் கடை மாடிக்குப் போனாள். ஃபிரடி நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சிரித்தான்.

“இன்னாம்மா கீங் அக்கா! ஊர்ல எல்லாம் கேக்கறானுங்க, யாருடா அந்தப் பொண்ணுன்னு.”

“அண்ணே, அது கெட்ட வார்த்தை இல்ல. கீங்கை எடுத்துட்டு ஒரே ஒரு தடவ போடுங்க. என் கல்யாணமே நிக்கிது.”

“சவம்னா பொணம்மா. மூதேவி வேற. தீபாவளி அதுவுமா அதப் போட்டா, விளம்பரம் குடுத்த ஜவுளிக்கடைக்காரன் என்னை வுடுவானா? மங்களகரமா இருக்க வேணாம்?”

“அப்ப அந்த வார்த்தைய மட்டும் வெட்டியிருக்கலாம்லா?”

“வெட்னா அதுல இன்னா கீது? சப்புனு பூடும். கீங்காலதாம்மா நீ ஃபேமசு. இல்லாங்காட்டி உன்ன யாரு பாக்கப் போறாங்க?”

“அந்த டேப்பையாவது குடுங்க. நான் கொண்டுபோய்க் காட்டிக்கிடுதேன்.”

“அதெல்லாம் அழிச்சாச்சு.”

சொல்லும்போதே அவன் பார்வை கம்ப்யூட்டர் பக்கம் போய் வந்தது. அழிக்கவில்லை என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

“சரி, அழிச்சிட்டீங்க. நான் ஒருநா இதே டிவியில, நேரலையில, அதே ரெண்டு வார்த்தையயும் சொல்லிட்டுத்தான் போவேன். ஒங்க கீங்கு என்ன பண்ணுதுன்னு பாப்போம்.”

அது திட்டமொன்றும் இல்லை. கோபத்தில் வந்த வாய்ச்சவடால்தான். ஆனால் படியேறி வந்துகொண்டிருந்த ஜெபதாஸ் காதில் அது விழுந்துவிட்டது. “டேய் ஃபிரடி, நேரலையில எதுனா ஏடாகூடமா போச்சுன்னா மைக்கப் புடுங்கிக்கினு அனுப்பிடுவேன், ஆமா” என்றார். அதற்கப்புறம் ஃபிரடி நேரலைக்கு உட்கார்ந்தால் கீங் அடிக்கிற பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் உட்காருவான்.

கார்த்திகை வந்தது, போனது. நிச்சயம் நடக்கவில்லை. வேல்விழி யாரிடமும் அழவில்லை. ஓ.டி. பார்த்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். ஃபிரடி கையாலேயே ஃபிரடி கெட வேண்டும் என்று மட்டும் நாள் முழுக்க நினைத்தாள்.

வழி காட்டியது ஃபிரடியின் அம்மா.

ஹாஸ்டலுக்குப் பின்தெருவில் மாதா கோயில். டிசம்பரில் அங்கே கிறிஸ்துமஸ் குடில் ஜோடிக்க ஹாஸ்டல் பெண்களும் போனார்கள். வேல்விழியை இழுத்துப் போனவள் அறைத்தோழி எவாஞ்சலின். வேலை முடிந்ததும் சூசையம்மாள் என்கிற அம்மாள் ஒரு பெரிய அண்டாவோடு வந்தாள். தடித்த மூக்குக்கண்ணாடி. முட்டி வலியில் தாங்கித் தாங்கி நடை. குனிந்து குனிந்து எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றினாள்.

“குட்ச்சிப் பாரும்மா, சவ்வரிசி பாயசம். நானே செஞ்சேன்.”

வேல்விழிக்கு டம்ளர் வாய்க்குப் போகவில்லை. சவ்... வரிசி. அந்த முதல் இரண்டெழுத்து காதிலேயே நின்றது.

“யாருட்டி இந்த அம்மா?” என்று எவாஞ்சலினைக் கேட்டாள்.

“தெரியாதா? ஃபிரடியோட அம்மா.”

வேல்விழி பாயசத்தைக் குடித்தாள். அருமையாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். ராத்திரி அவள் நினைத்திருப்பதைச் சொன்னதும் எவாஞ்சலின் பதறிப்போனாள்.

“பாவம்டி. அந்தம்மா உனக்கு இன்னா பண்ணாங்க?”

“எங்கம்மா அவனுக்கு என்ன பண்ணா?”



கிறிஸ்துமஸ் சாயங்காலம் தேரடி டிவிக்கு மறுபடி புது வேஷம். தரைச்சக்கரம் போய்த் தேர் உச்சியில் ஒரு நட்சத்திரம் முளைத்திருந்தது. வெளியே மழையில் ரோடெல்லாம் சேறாய்க் கிடக்க, திரையில் வெள்ளை வெளேரென்று பனி கொட்டியது. ஃபிரடி சிவப்புக் குல்லாயோடு உட்கார்ந்து, ‘கிறிஸ்துமஸ் புதுப்பொலிவு எப்படி? போன் பண்ணுங்க, நேரலையில் சொல்லுங்க’ என்று கூவிக்கொண்டிருந்தான். ஹாஸ்டல் பெண்கள் எல்லாரும் டிவி முன்னால். வேல்விழி வாசல்படியில் திரை தெரிகிற மாதிரி நின்று நம்பரை அழுத்தினாள். அடித்துப் பிடித்து ஒருவழியாய் லைன் கிடைத்தது.

“வணக்கம்ணே. வேல்விழி பேசுதேன்.”

ஃபிரடியின் முகத்தில் பயமும் ஆசையும் சேர்ந்து வந்தன. லைனைத் துண்டித்திருக்கலாம். ஆனால் கீங் அக்கா வந்தால் ஊரே பார்க்குமே! ஆசை ஜெயித்தது. விரல் பட்டனுக்குப் போனது.

“வாங்க, வாங்க! நம்ம கீங் அக்கா! இன்னா, ஸ்டார் எப்டி கீது?”

“ஸ்டாரு அம்சமா இருக்குண்ணே. பனி கொட்டுதத பாத்தா இங்க எங்களுக்குக் குளுருது. ஒங்க அம்மா சூசையம்மாளும் பாத்துக்கிட்டு இருப்பாங்கள்லா?”

“ஆமாம்மா. வூட்ல எல்லாரும் பாத்துகினு கீறாங்க. சொந்தக்காரங்க, சர்ச் ஆளுங்க, எல்லாம்.”

“நல்லதாப் போச்சு. அவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லிக்கிடட்டா?”

“தாராளமா.”

வேல்விழி குரலில் தேனைத் தடவினாள்.

“அம்மா, குடில் ஜோடிச்ச அன்னைக்கு ஒங்க கையால குடுத்தீங்களே, சவ்...” என்று நாக்கிலேயே ஒரு கணம் நிறுத்தினாள்.

கீ...ங்! திரையில் ஃபிரடியின் தோள் தூக்கிப்போட்டது.

“...இன்னும் நாக்குலயே நிக்குதும்மா. ஹாஸ்டல் பிள்ளைக அத்தன பேரும் சப்புக்கொட்டினோம். நீங்க போட்டிருந்தீங்களே, மூக்...”

கீ...ங்!

“...ஒங்க மொகத்துக்கு அவ்வளவு எடுப்பு. பாவம், எல்லாருக்கும் குனிஞ்சு குனிஞ்சு ஊத்துனீங்க. அந்த மூட்...”

கீ...ங்!

“...இப்ப தேவலையாம்மா? நல்லா எண்ணெய் போட்டுத் தேய்ங்க. நீங்க எப்பவும் சவு...”

கீ...ங்!

“...இருக்கணும்னு எங்க ஹாஸ்டல் சார்பா சொல்லிக்கிடுதோம். வைக்கேன்ணே. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்!”

கீங்குக்கு அடியில் அவள் முழுசாகச் சொன்னது இவைதான்: சவ்வரிசி. மூக்குக்கண்ணாடி. மூட்டுவலி. சவுக்கியம். இதில் எது கெட்ட வார்த்தை? ஒன்றுமில்லை. சவத்தையும் மூதியையும் தடுக்கக் காத்துக்கிடந்த விரல், ‘ச’வும் ‘மூ’வும் கேட்டதுமே அழுத்திவிட்டது. பெற்ற தாயைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை நாலையும் அவன் தன் கையாலேயே அசிங்கமாக்கி, கேக் தட்டோடு உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் ஒலிபரப்பினான். தான் பண்ணியது என்னவென்று ஃபிரடிக்கு நாலாவது கீங்குக்கு அப்புறம்தான் உறைத்தது. குல்லாயைக் கழற்றிவிட்டுக் கேமராவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ அவசரமாக ஒரு பாட்டைப் போட்டார்கள்.

ஹாஸ்டலில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேல்விழியும் சிரித்தாள். தீபாவளிக்கப்புறம் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் சூசையம்மாள் தாங்கித் தாங்கி நடந்து ஹாஸ்டலுக்கு வந்துவிட்டாள். முகம் அழுது வீங்கியிருந்தது. படியில் கையூன்றி உட்கார்ந்தாள்.

“நான் உனக்கு இன்னாம்மா பண்ணேன்? பாயசம் குடுத்தேனே... என்னப் பத்தி இன்னா சொன்ன? கோயில்ல ஒருத்தி மொகத்தக்கூட பாக்க முடியல. என் தம்பி பொண்டாட்டி சாப்புடாமலே எழுந்து பூட்டா.”

நல்ல மனுஷி. ‘சவ்வரிசிம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சொல்ல நாக்கு எழுந்தது. அப்போது நிரம்பாத குடத்தோடு வீட்டுக்கு வந்த தன் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். நாக்கை அடக்கிக்கொண்டாள்.

“அம்மா, இதே கேள்விய எங்கம்மாட்ட எங்க ஊரே கேட்டுச்சு. நான் சொன்ன பதிலை ஒருத்தரும் நம்பல. இப்ப நான் சொன்னா நீங்க மட்டும் நம்புவீங்களா? ஒங்க மகன்ட்ட கேளுங்க. கீங்கை எடுத்துட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்க.”

“அழிச்சிட்டேன்னு சொல்றானே!”

“என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. தீபாவளிக்கு எடுத்ததையும் சேத்துக் கேளுங்க.”

சூசையம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். போகும்போது அவள் அழவில்லை. அந்த நடையைப் பார்த்ததும் ஃபிரடிக்கு வீட்டில் என்ன காத்திருக்கிறது என்று வேல்விழிக்குப் புரிந்தது.

அம்மா கையால் சோறு கிடையாது, அம்மா வாயால் ஒரு பேச்சு கிடையாது. ஃபிரடி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? அழிந்துபோன டேப் இரண்டும் உயிரோடு எழுந்து வந்தன. புதுவருஷத்தன்று தேர் உச்சியில் பலூன் கட்டி இன்னொரு புதுப்பொலிவு. அதற்கு நடுவில் ஃபிரடி குனிந்த தலையோடு வந்து, “நேயர்கள் மன்னிக்கணும்” என்றான். கீங் இல்லாமல் தீபாவளியும் ஓடியது, கீங் இல்லாமல் கிறிஸ்துமஸும் ஓடியது. ‘சவத்த மூதி’ என்று வேல்விழி சொன்னது உதடும் சத்தமுமாக ஊருக்கே கேட்டது. ‘இவ்வளவுதானா!’ என்று ஊர் வாயைப் பிளந்தது. ஜெபதாஸ் சொன்னபடி மைக்கைப் பிடுங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஃபிரடி தெருவில் நடந்தால், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூடப் பின்னாலேயே போய் கீங் என்றன. வேல்விழி அதைத் தடுக்கவில்லை. எதற்குத் தடுக்க வேண்டும்?

சந்திரம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். “இந்தச் சவத்துக்கா இம்புட்டுப் பாடு?” என்று அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

பொங்கல் நெருங்கியபோது குன்றத்தூரிலிருந்து போன் வந்தது. கோமதியம்மாள். குரலில் சர்க்கரை கொட்டியது.

“ஏளா, வேலு! நல்லா இருக்கியா? டிவியில பாத்தேன். நம்மூர்ப் பேச்சத்தான் பேசியிருக்க, அந்த நாசமாப் போறவன் பண்ணுன வேலையா அது! நாந்தான் அவசரப்பட்டுட்டேன். உச்சிமாகாளி ஒரு வாரமா ஒம் பேச்சுதான். இந்தா, பக்கத்துலதான் நிக்கான். தை பொறந்ததும் நிச்சயத்த வச்சுக்கிடுவமா? என்ன சொல்லுத?”

வேல்விழி, ஷிப்ட் முடிந்து வரும் அந்தப் போனுக்காகச் சோறு இறங்காமல் காத்திருந்ததை நினைத்துப் பார்த்தாள். ‘அம்மா சொன்னா சரிதான்’ என்ற குரலையும் நினைத்துப் பார்த்தாள்.

“ஏளா, லைன்ல இருக்கியா? அவன் காதுலயும் விழட்டும், சத்தமாச் சொல்லு. அவன் கேக்கான், என்னதான் சொல்லுதன்னு.”

வேல்விழி போனை வாயருகே கொண்டுபோனாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

“கீ...ங்!”

போனை வைத்துவிட்டாள். உள்ளே என்ன வார்த்தை இருந்தது என்று தாயும் மகனும் உட்கார்ந்து யோசித்துக்கொள்ளட்டும்.